போர்ட்டிகோவில் கிளியர் கோட் அடிக்கும் பிள்ளைகளுக்கு உங்கள் டீச்சர் எழுதுவது

இது நீளமான பதிவு. காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். மேலே நாலு வரி பார்த்துவிட்டு "அருமை டீச்சர்" என்று கைகூப்பும் படம் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். முப்பத்தைந்து வருடம் விடைத்தாள் திருத்தியவள் நான். எவன் படித்து எழுதினான், எவன் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினான் என்று கையெழுத்திலேயே சொல்லிவிடுவேன்.

போன மாதம் எங்கள் குடும்பக் குழுவில் என் தங்கை மகன் ஒரு வீடியோ போட்டான். பழைய கார் ஒன்றை வாங்கியிருக்கிறான். வெயிலில் நின்று நின்று பானெட்டிலும் கூரையிலும் மேல்பூச்சு பாம்புச் சட்டை மாதிரி உரிந்துவிட்டது. பட்டறையில் பதினெட்டாயிரம் கேட்டார்களாம். "அவனுக்கு எதுக்குக் கொடுக்கணும், நாமே அடிச்சிரலாம்" என்று பன்னிரண்டாயிரத்துக்கு ஒரு கம்ப்ரசரும் ஸ்பிரே கன்னும் வாங்கிவிட்டான். வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, பேஸ் கோட் அடித்து, கடைசியில் கிளியர் கோட். தூசி விழக் கூடாது என்று போர்ட்டிகோவைச் சுற்றிலும் தார்ப்பாய் கட்டியிருந்தான். மூக்கில் ஒரு தேங்காய்ப்பூத் துண்டு. முடிவில் பானெட்டில் முகம் தெரிந்தது. நான் பொய் சொல்ல மாட்டேன், பளபளப்பு நன்றாகத்தான் இருந்தது.

சொந்தக்காரர்கள் எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கினார்கள். சித்தப்பா ஒருவர் "அடுத்து என் வண்டிதான் மாப்ள" என்று எழுதினார். நான் மட்டும் கேட்டேன்: "தம்பி, அந்த ஹார்ட்னர் டின்னில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தாயா? ஜன்னலில் நிற்பது யார்?"

வீடியோவில் மூன்றாவது நிமிடம். தார்ப்பாய்க்கு உள்ளே, ஹால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவனுடைய நாலு வயது மகள் அப்பா செய்வதை வேடிக்கை பார்க்கிறாள். இரண்டு நொடிதான் தெரிகிறது. அத்தனை பேர் பார்த்த வீடியோவில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

அவன் பதில் போட்டான்: "பெரியம்மா, நீங்க இன்னும் ஆறாங்கிளாஸ் சயின்ஸ் பாடம் எடுத்துட்டிருக்கீங்களா? இப்ப எல்லாரும் வீட்லயே அடிக்கறாங்க." கூடவே ஒரு சிரிப்பு பொம்மை.

ஆமாம் தம்பி, ஆறாம் வகுப்புப் பாடம்தான். நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும்தான். ஆனால் ஒரு மாதமாக இதை உட்கார்ந்து படித்தேன். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்து இன்று கல்லூரியில் வேதியியல் சொல்லித்தரும் ஒரு பெண்ணிடம் போன் போட்டு, புரியாத இடத்தையெல்லாம் கேட்டேன். எனக்கு வாத்தியாராக அவள் இருந்தாள். அதன் பிறகுதான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது இதுதான். ஹார்ட்னர் கலந்த கிளியர் கோட்டை வீட்டில் அடிக்கக் கூடாது. கை பழகியவனும் அடிக்கக் கூடாது. ஒரே ஒரு தடவை என்றாலும் கூடாது. அப்படியானால் பட்டறைக்காரன் தலையில் கட்டிவிட்டால் போதுமா என்றால், அதுவும் போதாது. அதையும் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்த டின்னில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

அம்பாசிடர் காலத்தில் காருக்கு அடித்த பெயிண்ட் வேறு. தின்னர் ஆவியாகப் போனதும் பெயிண்ட் காய்ந்துவிடும். இன்று மெட்டாலிக் வண்டிகளுக்கு அடிக்கும் பேஸ் கோட் காய்ந்தால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி மங்கலாக இருக்கும். அதற்கு மேல் நிறமில்லாத ஒரு பூச்சு போட்டால்தான் பளபளப்பு வரும், வெயிலையும் தாங்கும். அதுதான் கிளியர் கோட். கடையில் 2கே என்பார்கள், பியூ என்பார்கள். இரண்டு டின் வரும். ஒன்றில் ரெசின். இன்னொன்று சின்ன டின், அதுதான் ஹார்ட்னர். இரண்டு பங்குக்கு ஒரு பங்கு என்றோ, நாலுக்கு ஒன்று என்றோ கலக்கச் சொல்லியிருக்கும். கலந்ததும் இரண்டும் ஒன்றோடொன்று வினைபுரிந்து பாலியூரித்தேன் என்ற கெட்டியான பிளாஸ்டிக் ஆகிறது. 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் என்பவரும் அவருடன் வேலை செய்தவர்களும் கண்டுபிடித்த வேதியியல் இது. நீங்கள் படுக்கும் ஃபோம் மெத்தையும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

அந்தச் சின்ன டின்னில் இருப்பதன் பெயர் ஐசோசயனேட். கார் ஹார்ட்னரில் பெரும்பாலும் ஹெக்சாமெத்திலீன் டைஐசோசயனேட் என்பதிலிருந்து செய்த வகைகள்.

ஐசோசயனேட். இந்தச் சொல்லை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு போபாலில் கசிந்தது மெத்தில் ஐசோசயனேட். அப்போது நான் பயிற்சி முடித்து வேலைக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தேன். பேப்பரில் வந்த அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பயமுறுத்துவது என் நோக்கம் இல்லை: போபால் வாயுவும் பெயிண்ட் ஹார்ட்னரும் ஒன்று அல்ல. அது 39 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிவிடும். இது கெட்டித் திரவம், டின்னில் சும்மா இருக்கும்போது அவ்வளவாக ஆவியாகாது. குடும்பப் பெயர் ஒன்று, ஆள் வேறு. ஆனால் சும்மா இருக்கிற அந்தத் திரவத்தை எடுத்து, கம்ப்ரசர் காற்றில் தள்ளி, கண்ணுக்குத் தெரியாத துளிகளாகப் பொடித்து, அதன் நடுவில் நீங்களே போய் நிற்கிறீர்கள். ஆவியாகாத சரக்கை நுரையீரல் வரை கொண்டுபோகும் வேலையை ஸ்பிரே கன் செய்து தருகிறது. பழைய வகைக் கன்னில் பாதிக்கு மேல் வண்டியில் ஒட்டாமல் காற்றோடுதான் போகும்.

இது நுரையீரலுக்குள் போனால் என்ன ஆகும்? இருமல் வரும், கண் எரியும், அது பரவாயில்லை. பெரிய ஆபத்து வேறு. உடம்பு இதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். நம் வருகைப் பதிவேடு மாதிரி. சிலருக்கு ஒருநாள் அதிகமாகப் பட்டதும், சிலருக்குப் பல மாதம், பல வருடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டதும், உடம்பு "இவன் எதிரி" என்று எழுதிக்கொள்ளும். அதன் பிறகு துளி பட்டாலும் போதும், மூச்சுக்குழாய் சுருங்கிக்கொள்ளும். ஆஸ்துமா. ஒருமுறை எழுதிவிட்டால் அந்தப் பதிவை அழிப்பது கடினம். வேலையை விட்ட பிறகும் பலருக்கு அந்த ஆஸ்துமா போவதில்லை.

அமெரிக்காவில் தொழிலாளிகளுக்கு இந்த ஹார்ட்னர் மூலப்பொருளுக்குப் பரிந்துரைத்திருக்கும் அளவு என்ன தெரியுமா? நாள் முழுக்கச் சராசரியாக, நூறு கோடிப் பங்கு காற்றில் ஐந்து பங்கு. பிரிட்டனில் தொழில் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பு, வண்டிக்கு ஸ்பிரே பெயிண்ட் அடிப்பவருக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பு மற்றத் தொழிலாளிகளைவிடச் சுமார் 80 மடங்கு அதிகம் என்று சொல்கிறது. எட்டு மடங்கு இல்லை கண்ணுகளா, எண்பது. ஐரோப்பிய நாடுகளில் 2023 ஆகஸ்ட் முதல், டைஐசோசயனேட் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்கும் சரக்கைத் தொழில்முறையில் தொடுகிறவர் அதற்கென்று பயிற்சி எடுத்திருக்க வேண்டும். நம் ஊரில் கடைக்காரர் காலண்டரோடு சேர்த்துக் கொடுத்து அனுப்புகிறார்.

இப்போது நான் உங்களிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் இருப்பது கரூர் பக்கம் என்று உங்களுக்குத் தெரியும். பஸ் பாடி கட்டும் ஊர். எங்கள் பள்ளியில் படித்து வெளியே போன பையன்களில் பாதிப் பேர் டெக்ஸ்டைல், மீதிப் பேர் பட்டறை. 1995-இல் எட்டாம் வகுப்பில் ஒரு பையன். கணக்கு சுத்தமாக வராது. ஆனால் கரும்பலகையின் ஓரத்தில் பூக்கோலம் மாதிரி தேதி எழுதுவான். படம் போட்டால் நிழல் விழும் இடம் வரை தெரியும். அப்பா இல்லாத வீடு. "டீச்சர், இவனை எங்கியாச்சும் சேத்தி உடுங்க" என்று அவன் அம்மா அழுதார்கள். நானே கூட்டிக்கொண்டு போய், எனக்குத் தெரிந்த ஒருவர் மூலமாக ஒரு பாடிப் பட்டறையில் பெயிண்டரிடம் விட்டுவிட்டு வந்தேன். "உனக்குக் கை இருக்குடா, பிழைச்சுக்குவே" என்று சொன்னேன். ரொம்பப் புண்ணியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

கை இருந்தது. நல்ல பெயிண்டர் ஆனான். முதலில் சாதா பெயிண்ட், பிறகு 2கே வந்ததும் அதுதான். சொந்தமாகக் கார் வேலையும் எடுத்தான். முகத்தில் கைக்குட்டை, மேலே போனால் துணி மாஸ்க். போன மாதம், இந்த வீடியோ வந்து ஒரு வாரம் இருக்கும், மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தான். எங்கள் வீட்டுக்கு எட்டுப் படி. நாலாவது படியில் நின்றுவிட்டான். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சட்டைப் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்தான். நாற்பத்தைந்து வயது. நான் அறுபதைத் தாண்டியவள், மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உட்காரவைத்துக் கேட்டேன். ஏழெட்டு வருடம் முன்பு ஆரம்பித்ததாம். வேலை செய்யும்போது ஒன்றும் தெரியாது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் ராத்திரி இரண்டு மணிக்கு இருமல், நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி. பொங்கல் விடுமுறையில் நன்றாக இருக்கும், வேலைக்குப் போனால் மறுபடியும். "சளின்னு நெனச்சு மூணு வருஷம் மருந்துக் கடையிலயே மாத்திரை வாங்கித் தின்னேன் டீச்சர்." கடைசியில் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் என்ன வேலை என்று கேட்டார். சொன்னதும், "இந்த வேலையை விடு" என்றார். இப்போது ஒரு குடோனில் வாட்ச்மேன்.

மகளுக்குக் கட்டில் பீரோ வாங்க மரச்சாமான் கடைக்குப் போயிருக்கிறார்கள். பின்பக்கம் கட்டிலுக்குப் பாலிஷ் ஸ்பிரே அடித்துக்கொண்டிருந்தார்களாம். இவனால் வாசலைத் தாண்ட முடியவில்லை. மனைவியும் மகளும் உள்ளே போய்க் கட்டில் பார்க்க, இவன் எதிர்ச்சாரியில் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறான். "எம் புள்ளைக்குக் கட்டில்கூட நான் பாத்து எடுக்கல டீச்சர்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

அவனைச் சேர்த்துவிட்டவள் நான். அந்த டின்னில் என்ன இருக்கிறது என்று நானும் அன்று கேட்கவில்லை. அதனால் இந்தக் கோபத்தில் பாதி எனக்கே நான் எழுதுவது. மீதிப் பாதி உங்களுக்கு. வாங்கிக்கொள்ளுங்கள்.

குழுவில் எனக்கு வந்த பதில்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

"ஒரே ஒரு தடவைதானே?" ஒரு தடவை அடித்த எல்லாருக்கும் ஆஸ்துமா வரும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாமல்கூடப் போகலாம். ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிப் பார்க்க வழி இல்லை. சைக்கிளில் பிரேக் இல்லாமல் ஒரு தடவை பாலத்தில் இறங்கி, விழாமல் வந்துவிட்டால் பிரேக் தேவையில்லை என்று ஆகிவிடுமா? இன்னொன்று, இந்த "ஒரு தடவை" எங்கே நிற்கிறது? கம்ப்ரசர் வாங்கியாகிவிட்டது. சித்தப்பா வண்டி வரிசையில் நிற்கிறது.

"மாஸ்க் போட்டுத்தானே அடிச்சேன்?" தேங்காய்ப்பூத் துண்டு மாஸ்க் இல்லை, அது துண்டு. கொரோனாவுக்கு வாங்கி வைத்த என்-95 தூசியையும் துளியையும் ஓரளவு பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. கரி வைத்த குப்பி மாட்டும் ரப்பர் மாஸ்க் அதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கரி நிறைந்துவிட்டால் சாதாரணமாக வாசனை உள்ளே வந்து நமக்குத் தெரியும். ஐசோசயனேட் நம் மூக்குக்குத் தெரிவதற்கு முன்பே கேடு செய்யும் அளவைத் தாண்டியிருக்கும். உங்கள் மூக்கில் அடிப்பது தின்னர் வாசனை. தின்னர் போய்விட்டால் "வாசனை போயிருச்சு, கழட்டலாம்" என்று கழற்றுகிறீர்கள். அதனால்தான் பிரிட்டனில் இந்த வேலைக்குச் சுத்தமான காற்றைக் குழாயில் கொண்டுவந்து ஊட்டும் முகமூடியையே போடச் சொல்கிறார்கள். அந்தக் காற்றையும் எண்ணெய் இல்லாமல் வடிகட்டி, பெயிண்ட் புகை இல்லாத இடத்திலிருந்து எடுக்க வேண்டும். உங்கள் பன்னிரண்டாயிரம் ரூபாய் கம்ப்ரசரில் ஒரு டியூபைச் செருகி மூக்கில் வைத்துக்கொள்கிற வேலை இல்லை.

"அடிச்சு முடிச்சதும் சும்மா ஒரு தடவை மாஸ்க்கைத் தூக்கிப் பார்த்தேன், அவ்வளவுதான்." அங்கேதான் கெட்டது. பளபளப்பு எப்படி வந்திருக்கிறது, எங்காவது வழிந்திருக்கிறதா என்று பார்க்கிற ஆசை எல்லாப் பெயிண்டருக்கும் உண்டு. கன் நின்ற பிறகும் அந்தத் துளிகள் காற்றில் நிற்கும், வெறும் கண்ணுக்குத் தெரியாது. சரியான பூத்தில் புகை விட்டுப் பார்த்து, காற்று சுத்தமாக எத்தனை நிமிடம் ஆகிறது என்று அளந்து எழுதி ஒட்டியிருப்பார்கள். அந்த நேரம் முடியாமல் முகமூடியைத் தூக்கக் கூடாது. தார்ப்பாய் கட்டிய போர்ட்டிகோவில் எத்தனை நிமிடம்? யாருக்குத் தெரியும்?

"அப்போ தார்ப்பாயைக் கழட்டிட்டுத் திறந்த வெளியில அடிக்கறேன்." மூடிய இடத்தைவிடத் திறந்த இடம் மேல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கன்னைப் பிடித்து ஒரு சாண் தூரத்தில் நிற்கிறவனுக்கு அந்த மேகம் முகத்துக்கு நேரேதான். மேலும், நம் வீட்டில் மிளகாய் வற்றல் தாளித்தால் பக்கத்து வீட்டில் இருமுகிறார்கள். இதன் நெடி மட்டும் காம்பவுண்டுச் சுவரில் முட்டித் திரும்பி வந்துவிடுமா? அந்தப் பக்கத்தில் காய்கிற துணி யாருடையது? திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பாட்டிக்கு ஏற்கெனவே வீசிங் இருக்கிறதா என்று கேட்டீர்களா?

"முப்பது வருஷமா அடிக்கறாங்க, அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" ஆகாதவர்கள் பட்டறையில் இருக்கிறார்கள், அதனால் உங்கள் கண்ணில் படுகிறார்கள். ஆனவர்கள் குடோன் வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருக்கிறார்கள். தேர்வு எழுதிப் பாஸானவர்களை மட்டும் எண்ணிவிட்டு "எங்கள் பள்ளியில் ஃபெயிலே இல்லை" என்று சொல்கிற கணக்கு இது. அந்தக் கணக்கை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இத்தனையும் மூச்சைப் பற்றி. தீயைப் பற்றி ஒன்று. தின்னரில் இருக்கிற டொலுவீன் போன்றவற்றின் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையோடு தவழும். டொலுவீன் 4 டிகிரி வெப்பத்திலேயே தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி விடும். நம் ஊரில் மார்கழி விடியற்காலையில்கூட 4 டிகிரி கிடையாது. போர்ட்டிகோவிலிருந்து கதவிடுக்கு வழியாக அந்த ஆவி எங்கே போகும்? சாமி விளக்குக்கு, கேஸ் அடுப்புக்கு, மாடிப்படிக்குக் கீழே இருக்கிற இன்வெர்ட்டருக்கு, மோட்டார் சுவிட்சுக்கு. ஆறாம் வகுப்புப் பாடம் என்று சிரித்தாயே தம்பி, அந்த ஆறாம் வகுப்புப் பாடம் இதுதான்.

இனி யாரைத் திட்ட வேண்டும் என்று பார்க்கலாம். வீட்டில் அடிக்கிற பையனை மட்டும் திட்டிவிட்டுப் போவது அநியாயம்.

வீடியோ போடுகிறவர்களே, கன் முனை 1.3-ஆ 1.4-ஆ, எத்தனை கோட், ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் எத்தனை நிமிடம் விட வேண்டும், ஆரஞ்சுத் தோல் மாதிரி வந்தால் எப்படித் தேய்ப்பது, எல்லாம் சொல்கிறீர்கள். அழகாகவே சொல்கிறீர்கள். மூச்சுக்கு ஒரு வரி சொல்ல நேரம் இல்லையா? முகம் தெரிய வேண்டும் என்பதற்காக மாஸ்க் இல்லாமல் அடித்துக் காட்டுகிறீர்கள். அதைப் பார்த்து அடிக்கிற பதினேழு வயதுப் பையனுக்கு யார் பொறுப்பு?

பெயிண்ட் கடைக்காரர்களே, டின்னில் எச்சரிக்கை எறும்பு சைஸ் இங்கிலீஷில் இருக்கிறது. வாங்குகிறவனில் பாதிப் பேர் எட்டாவது. "இதை வீட்டில் அடிக்காதே" என்று தமிழில் ஒரு அட்டை எழுதிக் கல்லாவுக்கு மேலே மாட்ட எவ்வளவு ஆகும்? நான் எழுதித் தருகிறேன், என் கையெழுத்து நன்றாகவே இருக்கும்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் ஐசோசயனேட் நச்சும் இருந்தது. ஆக, இது தெரியாத விஷயம் இல்லை, எழுதியே வைத்திருந்தார்கள். ஆனால் மின்சாரம் வைத்து வேலை நடக்கும் இடத்தில் பத்துப் பேராவது இருந்தால்தான் அந்தச் சட்டத்துக்கு அது தொழிற்சாலையாக இருந்தது. ரோட்டோரத்தில் தகரக் கொட்டகையில் மூன்று பேர் அடிக்கிற பட்டறை எந்தக் கணக்கிலும் வராது. அவன் நுரையீரல் மட்டும் சட்டத்தில் இருக்கிற நுரையீரல் மாதிரியேதான் வேலை செய்கிறது.

கடைசியாக நாம். வண்டி வைத்திருக்கிற நாம். "பதினெட்டாயிரமா? பதினைந்துக்கு முடிங்க" என்று நின்று பேரம் பேசுகிறோம். பெயிண்டில் குறைக்க முடியாது, கூலியில் ஓரளவுக்குத்தான் முடியும். மிச்சம் எங்கே குறையும்? மாஸ்க்கில் குறையும். பூத்துக்குப் பதிலாகத் தார்ப்பாயாகக் குறையும். என் மாணவனின் நெஞ்சில் குறைந்த காசு அதுதான். நானும் 2008-இல் என் வீட்டுக்காரர் வண்டிக்கு ஆயிரம் ரூபாய் குறைத்துக் கொடுத்துவிட்டு வந்து, பெருமையாகச் சொன்னவள்தான்.

சரி, என்ன செய்யலாம்? குறை சொல்லிவிட்டு விடை சொல்லாமல் போகிற வாத்தியார் நான் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று. வண்டி வேலை உங்களுக்குப் பிடித்தால் செய்யுங்கள். கழுவுங்கள், தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரில் தேய்த்துப் பழகுங்கள், மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், பாலிஷ் போடுங்கள். முக்கால்வாசி உழைப்பு அதில்தான் இருக்கிறது, காசும் மிச்சமாகும். கிளியர் கோட்டை மட்டும், காற்றை இழுத்து வடிகட்டுகிற பூத் உள்ள பட்டறையில் கொடுத்து அடித்து வாங்குங்கள். தேய்த்துக் கொண்டுவந்த வண்டிக்குக் கூலியைக் குறைத்துக்கொள்ளும் பட்டறைகள் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

இரண்டு. கீறலுக்குச் சின்னதாக அடித்தே ஆக வேண்டும் என்றால் ஹார்ட்னர் இல்லாத ஸ்பிரே டின்னை வாங்குங்கள். அவ்வளவு உறுதி இருக்காது, பெட்ரோல் பட்டால் கரையும். பரவாயில்லை. அதற்கும் ஆவி பிடிக்கும் மாஸ்க், கையுறை, திறந்த வெளி வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. அடியில் பட்டன் அமுக்கிக் கலக்கச் சொல்லும் 2கே ஸ்பிரே டின் வருகிறது. சின்ன டின்தானே என்று ஏமாறாதீர்கள், அதிலும் இதே ஹார்ட்னர்தான்.

மூன்று. டின்னில் மனித உருவத்தின் மார்பில் நட்சத்திரம் வெடித்த மாதிரி ஒரு படம் இருந்தால் கீழே வையுங்கள். படம் இல்லாவிட்டாலும் 2கே, பியூ, ஹார்ட்னர் என்று இருந்தால் ஐசோசயனேட் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு. அடித்து இன்னும் முழுக்க இறுகாத பூச்சைக் காய்ந்த பேப்பரில் தேய்க்காதீர்கள். கிளியர் கோட் இருக்கிற தகட்டில் அப்படியே வெல்டிங் வைக்காதீர்கள், சூட்டில் ஐசோசயனேட் மறுபடியும் கிளம்பும். டிங்கரிங் வேலை செய்கிற பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஐந்து. என்னிடம் படித்துப் பெயிண்டர்களாக இருக்கிறவர்கள் இதைப் படிப்பீர்கள். ராத்திரி இருமல், நெஞ்சு இறுக்கம், லீவு நாளில் சரியாகி வேலை நாளில் திரும்பி வருவது, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் மருந்துக் கடைக்குப் போகாதீர்கள். நெஞ்சு நோய் டாக்டரிடம் போங்கள். ஊதிப் பார்க்கிற சோதனை செய்யச் சொல்லுங்கள். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். "ஹார்ட்னர் கலந்து ஸ்பிரே அடிக்கிறேன்" என்று இந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். சீக்கிரம் விலகினால் பிழைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

ஆறு. வண்டி கொடுக்கப் போகிறவர்கள் விலை கேட்பதற்கு முன்னால், "அடிக்கிறவருக்கு என்ன முகமூடி வைத்திருக்கிறீர்கள், காட்டுங்கள்" என்று கேளுங்கள். நாலு பேர் கேட்டால் முதலாளி சிரிப்பார். நாற்பது பேர் கேட்டால் வாங்குவார். அதற்காக ஆயிரம் இரண்டாயிரம் கூடக் கேட்டால் கொடுங்கள்.

தங்கை மகனுக்கு ஒரு வார்த்தை. தம்பி, எல்லாருக்கும் முன்னால் பெரியம்மா உன்னை அவமானப்படுத்திவிட்டேன் என்று நினைக்காதே. உன் கை நல்ல கை. இதே மாதிரி நல்ல கை இருந்த ஒருவனுக்குத் தெரியாமல் நான் செய்ததை, தெரிந்த பிறகு உனக்கும் செய்ய முடியாது. அந்த வீடியோவை எடுத்துவிடு. மிச்சம் இருக்கிற ஹார்ட்னரைச் சாக்கடையில் ஊற்றாதே, தண்ணீரும் சேர்க்காதே. தண்ணீர் பட்டால் கார்பன் டைஆக்சைடு வாயு கிளம்பும், அப்படியே மூடி வைத்தால் டின் உப்பி வெடிக்கும். நன்றாக மூடிப் பட்டறையிலேயே கொடுத்துவிடு. குழந்தைக்கு இருமல் ஏதாவது இருக்கிறதா என்று இரண்டு வாரம் பார், இருந்தால் டாக்டரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்.

கல்யாணம் வருகிற ஆவணியில். நான் போகிறேன். அந்த வருடத்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் யார் யார் ஊரில் இருக்கிறீர்களோ, வாருங்கள். அவன் பெயரை இங்கே எழுதவில்லை, அவன் யாரென்று உங்களுக்குத் தெரியும். கரும்பலகையில் தேதி எழுதுவானே, அவன்தான். மொய் எழுதுவதோடு நில்லாமல், உட்கார்ந்து செய்கிற ஒரு நல்ல வேலை அவனுக்கு எங்காவது இருந்தால் எனக்குப் போன் செய்யுங்கள். போர்டு எழுத்து, டிசைன் வேலை, எதுவானாலும் சரி. புகை இல்லாத இடமாக இருக்க வேண்டும். இந்த முறை நான் உள்ளே போய் எல்லா டின்னையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அவனைச் சேர்த்துவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்